பிலிப்பைன்ஸ் போர்வீரரின் மனைவிக்கு அமெரிக்கப் பணம் 15,000 டாலர்: இன்னும் கிடைக்குமா?

மானகிரி_ஆச்சி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மருமகள் பிலிப்பைன்ஸ்காரப் பிள்ளை. மகனும் அவளும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவளுடைய அம்மாவைப் பெற்ற ஆயா நீக்ரோஸ் தீவில் பக்கோலோட் அருகே இருக்கிறார். வயது 94. ஆயாவின் கணவர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தலைமையின் கீழ் சண்டை போட்டவர், 71ஆவது டிவிஷன். பட்டானில் சரணடைந்து, கபாஸ் முகாமில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்து, வெளியே வந்தபின் ஊரில் கெரில்லாப் படையில் சேர்ந்தார். 1949இல் திருமணம். 1988இல் காலமாகிவிட்டார்.

இப்போது அந்த ஊரில் ஒரு இடைத்தரகர் வந்து, "அமெரிக்கா 15,000 டாலர் கொடுக்கிறது, பட்டியலில் பெயர் ஏற்றி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லி 40,000 பேசோ முன்பணம் கேட்கிறார். அசல் காகிதங்களையும் கொடுக்கச் சொல்கிறார்.

வீட்டில் இருப்பவை: ஏ.ஜி.ஓ. படிவம் 23 (தன் போர்ச் சேவை பற்றி வீரர் எழுதிக்கொடுத்த உறுதிமொழி) நகல், தேவாலயத் திருமணச் சான்று, இறப்புச் சான்று, அமெரிக்க ராணுவத்தின் பெயரில் பழைய தட்டச்சுத் தாள் ஒன்று. ஆயாவுக்குப் பிலிப்பைன்ஸ் அரசின் சிறிய ஓய்வூதியம் மாதாமாதம் வருகிறது.

அந்த 15,000 உண்மையா? இல்லையென்றால் ஆயாவுக்கு வேறு ஏதாவது வழி உண்டா? தங்கப் பதக்கம் என்றும் ஒன்று சொல்கிறார்கள், அது என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல்_கணக்கர்

ஆச்சி, முதலில் மகனிடம் சொல்லி அந்த 40,000 பேசோவை நிறுத்தச் சொல்லுங்கள். அசல் காகிதம் ஒன்றுகூட வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

15,000 டாலர் என்பது ஒரு காலத்தில் உண்மையாக இருந்த திட்டம். 2009 பிப்ரவரி 17 அன்று ஒபாமா கையெழுத்திட்ட பொருளாதார மீட்புச் சட்டத்துக்குள் அதைச் சேர்த்திருந்தார்கள். மொத்த ஒதுக்கீடு 19.8 கோடி டாலர். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிலிப்பினோ வீரருக்கு 15,000, குடியுரிமை இல்லாதவருக்கு 9,000, ஒரே தடவை கொடுப்பது. மனுப் போட ஓர் ஆண்டுதான் அவகாசம். 2010 பிப்ரவரி 16 அன்று கதவு மூடியாயிற்று. ஏறக்குறைய 43 ஆயிரம் மனுக்கள் வந்து, சுமார் 19 ஆயிரம்தான் ஏற்கப்பட்டன.

உங்கள் சம்பந்தி வீட்டு விஷயத்தில் இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. அந்தப் பணம் உயிரோடு இருக்கும் வீரருக்கானது. சட்டம் வந்தபின் வீரர் தானே மனுப் போட்டு, பணம் கைக்கு வருமுன் இறந்திருந்தால் மட்டுமே மனைவிக்குப் போகும். இவர் 1988லேயே காலமானவர். ஆக, திட்டம் திறந்திருந்த 2009இலேயே ஆயாவுக்கு அதில் பங்கு கிடையாது. இன்று யார் வந்து எந்தப் பட்டியலில் பெயர் ஏற்றினாலும் அந்தப் பணம் வராது.

"பட்டியலில் பெயர் ஏற்றுகிறேன்" என்பதே பொய். சேவையை அங்கீகரித்த வீரர்களின் பட்டியல்கள் போருக்குப் பின் 1940களிலேயே அமெரிக்க ராணுவம் தயாரித்து முடித்தவை. கெரில்லாக்கள் விஷயத்தில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கீகாரம் கோரி மனுக்கள் வந்து, ஏறக்குறைய 2 லட்சத்து 60 ஆயிரம் பேரைத்தான் ஏற்றார்கள். 1948க்குப் பிறகு அதில் புதுப் பெயர் சேர்ப்பது என்ற பேச்சே இல்லை. இருக்கிற பெயரைத் தேடி எடுக்கலாம், அவ்வளவுதான்.

கண்டனூர்_சட்டம்

கணக்கர் அண்ணன் சொன்னது சரி. ஆனால் 15,000 இல்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. ஆச்சி, அந்த இறப்புச் சான்றில் காரணம் என்று என்ன எழுதியிருக்கிறது? பிலிப்பைன்ஸ் இறப்புச் சான்றில் உடனடிக் காரணம், முன்காரணம், அடிப்படைக் காரணம் என்று தனித்தனி வரிகள் இருக்கும். மூன்றையும் அப்படியே எழுதுங்கள். ராணுவத் தட்டச்சுத் தாளில் தேதிகளோடு ஒரு அட்டவணை இருந்தால் அதையும் போடுங்கள். பெயர், எண் எதுவும் இங்கே வேண்டாம்.

அதுவரை பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் விண்ணப்பித்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

1941 ஜூலை 26 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு ராணுவ ஆணை போட்டுப் பிலிப்பைன்ஸ் காமன்வெல்த் (அமெரிக்காவின் கீழ் இருந்த அன்றைய தன்னாட்சி அரசு) படையை அமெரிக்கப் படைகளின் சேவைக்குள் அழைத்தார். அதை நம்பிப் போனவர்கள்தான் பட்டானிலும் கொரெகிடோரிலும் நின்றார்கள். போர் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1946 பிப்ரவரி 18 அன்று ரத்துச் சட்டம் வந்தது. பிலிப்பைன்ஸ் படைக்கு 20 கோடி டாலர் ஒதுக்கிவிட்டு, அந்தப் படையில் செய்த சேவை அமெரிக்கச் சலுகைகளுக்கான "செயல்பாட்டுச் சேவை" ஆகாது என்று அதே சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்பது அப்படியே நடந்தது. ட்ரூமன் கையெழுத்துப் போட்டார், ஆனால் இவர்களுக்கு அமெரிக்கா செய்ய வேண்டிய தார்மிகக் கடமை இருக்கிறது என்று அறிக்கையும் விட்டார். அந்தக் கடமையில் ஒரு பகுதியை நிறைவேற்றவே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த 1946 சட்டத்திலும் சில விதிவிலக்குகள் விட்டிருந்தார்கள். போர்ச் சேவையால் வந்த ஊனத்துக்கு இழப்பீடு, சேவையால் வந்த காரணத்தால் வீரர் இறந்தால் குடும்பத்துக்கு மாதத் தொகை, இவை இரண்டும் ரத்தாகவில்லை. ஒரு டாலருக்கு 50 சென்ட் என்ற பாதி விகிதத்தில் கொடுத்தார்கள். இப்போது அமெரிக்காவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்று அங்கேயே வாழ்பவர்களுக்கு முழு விகிதம் உண்டு. பிலிப்பைன்ஸில் இருப்பவர்களுக்கு இன்றும் பாதிதான். அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை கொடுக்கும் அந்தக் குடும்பத் தொகையின் பெயர் டி.ஐ.சி. ஆயாவுக்கு வழி இருந்தால் இதில்தான் இருக்கும்.

வீரர் எந்த வகை என்பதும் முக்கியம். பழைய பிலிப்பைன் ஸ்கவுட்ஸ் நேரடியாக அமெரிக்க ராணுவத்தின் அங்கம், அவர்களுக்கு எல்லாச் சலுகையும் உண்டு. காமன்வெல்த் படை, அங்கீகரிக்கப்பட்ட கெரில்லா, 1945 அக்டோபருக்குப் பின் சேர்ந்த புதிய ஸ்கவுட்ஸ் ஆகிய மூன்று வகைக்கும் குறைவுதான். இவர்களுடைய மனைவிமாருக்கு வறுமை அடிப்படையிலான விதவை ஓய்வூதியம் கிடையாது. டி.ஐ.சி. படிவத்திலேயே அந்த ஓய்வூதியத்துக்கும் கட்டம் இருக்கிறது. பலர் வருமானம் குறைவு என்று அதை மட்டும் நிரப்பி அனுப்பி, உடனே "தகுதி இல்லை" என்று கடிதம் வாங்குகிறார்கள். பிறகு டி.ஐ.சி.யும் கிடையாது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

மானகிரி_ஆச்சி

நன்றி தம்பி. மருமகள் படம் எடுத்து அனுப்பினாள், பார்த்து எழுதுகிறேன்.

இறப்புச் சான்று: உடனடிக் காரணம் "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்". முன்காரணம் "செரிப்ரோவாஸ்குலர் ஆக்சிடென்ட்". அடிப்படைக் காரணம் "ஹைப்பர்டென்ஷன்".

தட்டச்சுத் தாள்: "பிலீகர்ட் – 8 டிசம்பர் 1941 முதல் 8 ஏப்ரல் 1942", அதன் கீழே "பி.ஓ.டபிள்யூ. – 9 ஏப்ரல் 1942 முதல் 21 செப்டம்பர் 1942", அதற்கும் கீழே "நோ கேஷுவல்டி ஸ்டேட்டஸ்" என்று சில மாதங்கள், பிறகு "ரெகக்னைஸ்டு கெரில்லா சர்வீஸ்" 1945 வரை. கடைசியில் ரெகுலர் பிலிப்பைன் ஆர்மி என்று சில மாதம். கெரில்லாவுக்கு முந்தைய அந்த "ஸ்டேட்டஸ் இல்லை" என்பதைப் பார்த்துத்தான் தரகர், சேவை செல்லாது என்று பயமுறுத்துகிறாராம்.

கண்டனூர்_சட்டம்

ஆச்சி, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அதுதான் உங்கள் கையில் இருப்பதிலேயே விலை மதிப்புள்ளது.

முற்றுகையில் இருந்த காலம், கைதியாக இருந்த காலம், வீட்டில் இருந்த காலம், கெரில்லாக் காலம், மறுபடி படையில் சேர்ந்த காலம் என்று ஒவ்வொருவருடைய சேவையையும் அமெரிக்க ராணுவம் இப்படித்தான் பிரித்து எழுதியது. 1942 ஏப்ரல் 9 பட்டான் சரணடைந்த நாள். கபாஸ் ஓடானல் முகாமில் இருந்த பிலிப்பினோக் கைதிகளை அந்த ஆண்டின் நடுவிலிருந்து ஜப்பானியர்கள் தவணை தவணையாக விடுவித்தார்கள். செப்டம்பர் 21 என்பது அதற்குப் பொருந்துகிறது. "நோ கேஷுவல்டி ஸ்டேட்டஸ்" என்றால் விடுதலையாகி வீட்டுக்குப் போய், கெரில்லாவில் சேரும்வரை எந்தப் படைக் கணக்கிலும் இல்லாத இடைவெளி. அதற்குச் சம்பளம் கிடையாது, அவ்வளவுதான். முன்னும் பின்னும் உள்ள சேவையை அது ஒன்றும் செய்யாது. தரகர் சொன்னதில் உண்மை இல்லை.

இப்போது முக்கியமான இடம். சாதாரணமாக டி.ஐ.சி. கேட்டால், மரணத்துக்குக் காரணமான நோய் போர்க்காலத்தில் வந்தது என்று நிரூபிக்க வேண்டும். 1988இல் வந்த பக்கவாதத்தை 1942உடன் இணைக்க எந்த வைத்தியரிடமும் காகிதம் இருக்காது. அதைவிட மோசம், ஏ.ஜி.ஓ. படிவம் 23இல் காயம், நோய் என்ற இடத்தில் அவசரத்தில் பலர் "இல்லை" என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லை வைத்தே ஏராளமான மனுக்களைத் தள்ளியிருக்கிறார்கள்.

போர்க்கைதிகளுக்கு மட்டும் தனி விதி (ஊகவிதி) இருக்கிறது. சில நோய்களைச் சேவையால் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. அதிலும் இரண்டு வரிசை. பெரிபெரி, நாள்பட்ட சீதபேதி, சத்துக்குறைவு, வயிற்றுப்புண், ஈரல் சுருக்கம் போன்றவற்றுக்குக் குறைந்தது 30 நாள் சிறை வேண்டும். மனநோய்கள், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் இதயநோய், உயர் ரத்த அழுத்த நோய், பக்கவாதம், இவற்றால் வரும் சிக்கல்கள் ஆகியவற்றுக்கு எத்தனை நாள் சிறையில் இருந்தார் என்ற கணக்கே கிடையாது. இதயநோயும் பக்கவாதமும் இந்த வரிசையில் சேர்ந்தது 2004 அக்டோபரில்தான். அதற்கு முன் ஆயா மனுப் போட்டுத் தள்ளுபடி ஆகியிருந்தாலும் இப்போது புதிதாகப் போடலாம். மகனிடம் சொல்லி அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சான்றில் முன்காரணமாகப் பக்கவாதமும் அடிப்படைக் காரணமாக உயர் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. இரண்டுமே வரிசையில் உள்ளவை. "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்" மட்டும் எழுதியிருந்தால் கஷ்டம். யார் இறந்தாலும் இதயமும் மூச்சும் நிற்கத்தானே செய்யும், அதை நோயாக எடுக்க மாட்டார்கள். அப்படிச் சான்று இருப்பவர்கள் கடைசியாகப் பார்த்த மருத்துவமனையின் பதிவையோ வைத்தியரின் கடிதத்தையோ இணைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: இன்றே "மனுச் செய்ய உத்தேசம்" என்ற படிவம் 21-0966ஐ அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் மணிலா அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். வீரர் இறந்து ஓர் ஆண்டுக்குப் பின் போடும் மனுவுக்கு, மனுச் சேர்ந்த தேதியிலிருந்துதான் பணம் கணக்காகும். 1988 முதல் நிலுவை என்றெல்லாம் வராது. அந்த 0966 சேர்ந்துவிட்டால், முழு மனுவை அதிலிருந்து ஓர் ஆண்டுக்குள் கொடுத்தாலும் இன்றைய தேதி நிற்கும். 94 வயதில் ஒவ்வொரு மாதமும் கணக்கு.

முழு மனு, படிவம் 21பி-534 ஈஸி. அதோடு இறப்புச் சான்று, திருமணச் சான்று, ராணுவத் தாளின் நகல். வீட்டோடு ஒருவர் உதவி இல்லாமல் ஆயா குளிக்க, உடுத்த, உண்ண முடியாத நிலை என்றால் வைத்தியரைக் கொண்டு படிவம் 21-2680ஐயும் நிரப்பி வையுங்கள், அதற்குக் கூடுதல் தொகை உண்டு. 2025 கணக்கில் டி.ஐ.சி.யின் அடிப்படை மாதத்துக்கு 1,653 டாலர் சொச்சம். ஆயா பிலிப்பைன்ஸில் இருப்பதால் பாதி, சுமார் 826 டாலர். உயிருள்ளவரை.

கையெழுத்துப் போட முடியாவிட்டால் கைநாட்டு வைக்கலாம். அதை நேரில் பார்த்த இரண்டு பேர் தங்கள் பெயர், முகவரியோடு கையெழுத்திட வேண்டும். இது இல்லாமல் மனு திரும்பி வருவது ரொம்ப சகஜம்.

புதுவயல்_கணக்கர்

இதில் நான் சேர்க்க வேண்டியது கட்டணம் பற்றி. அமெரிக்கச் சட்டப்படி முதல் மனுவைத் தயாரித்துக் கொடுக்க யாரும் பணம் வாங்கக் கூடாது. அந்தத் துறையிடம் அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞரோ முகவரோகூட, முதல் முடிவு வந்து அதை எதிர்த்துப் போகும்போதுதான் கட்டணம் பேசலாம். முன்னாள் வீரர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகச் செய்வார்கள். மணிலா அலுவலகம் பசாயில் ரோஹாஸ் பூல்வார்டில் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் துறைக்கு இருக்கும் ஒரே வட்டார அலுவலகம் அதுதான். நேரில் போக முடியாதவர்கள் தபாலிலும் இணையத்திலும் அனுப்பலாம்.

திருமணச் சான்றில் ஒரு சிக்கல் வரும் ஆச்சி. தேவாலயச் சான்று மட்டும் போதாது, பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையத்தின் சான்றைக் கேட்பார்கள். பழைய பதிவுகள் பல ஊர்களில் அழிந்துவிட்டதால் "பதிவு இல்லை" என்று எதிர்மறைச் சான்று தருவார்கள். அது கிடைத்தால் மனம் தளர வேண்டாம், அதையே வாங்கித் தேவாலயச் சான்றோடு சேர்த்து வையுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பலம்.

அடுத்தது, ஆயா மறுமணம் செய்தாரா, வேறொருவரோடு கணவன் மனைவியாக வாழ்ந்தாரா என்று விசாரிக்க அதிகாரி வீட்டுக்கே வரலாம். அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அது அவர்களுடைய நடைமுறை, ஆயாவை அவமதிப்பதாக வீட்டார் எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டாம்.

பெயர் பொருத்தம்தான் இன்னொரு தலைவலி. அவர்களுக்கு முதற்பெயர், தாயின் குடும்பப் பெயர், தந்தையின் குடும்பப் பெயர் என்று மூன்று அடுக்கு. ராணுவக் காகிதத்தில் நடுப்பெயர் ஒரு எழுத்தாகச் சுருங்கியிருக்கும், எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். கெரில்லாவில் புனைபெயரில் பதிந்தவர்களும் உண்டு. நம் பக்கம் விலாசத்தில் "ராம. சித." என்பது ஒரு பத்திரத்தில் "சித. ராம." ஆகிவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் என்ன பாடு படுகிறோமோ அதே பாடுதான். எல்லாக் காகிதத்திலும் உள்ள பெயர் வடிவங்களை ஒரே தாளில் எழுதி, இவை அனைத்தும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று செய்து மனுவோடு வையுங்கள். பிறந்த தேதி, பிறந்த ஊர், தாய் தந்தை பெயர் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

கோட்டையூர்_வாசகன்

ஆச்சியின் கேள்விக்கு நடுவில் நான் ஒன்று கேட்கிறேன், மன்னியுங்கள். ராணுவத் தாள் இல்லாதவர்களுக்கு, கூட இருந்த வீரர்கள் இரண்டு பேர் எழுதிக்கொடுத்தால் போதாதா? நம் பக்கம் மலாயாவிலும் பர்மாவிலும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு அப்படித்தானே தியாகி ஓய்வூதியம் வந்தது?

கண்டனூர்_சட்டம்

நல்ல கேள்வி. இரண்டு நாடுகளும் பிரியும் இடமே அதுதான்.

நம் மத்திய அரசின் தியாகி ஓய்வூதியம் 1972 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது. 1980இல் பெயரும் விதிகளும் மாறின. இந்திய தேசிய ராணுவத்தினரும் அதில் அடக்கம். குறைந்தது ஆறு மாதச் சிறை, பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் மூன்று மாதம். சிறைப் பதிவு அழிந்துபோனால், பதிவு இல்லை என்று அதிகாரியின் சான்றும், தங்கள் சிறைவாசத்தை ஏற்கெனவே நிரூபித்த சக கைதிகள் இருவரின் சான்றும் கொடுத்தால் பரிசீலிக்க விதியில் இடம் இருந்தது. ரங்கூன், சிங்கப்பூர் காகிதங்கள் போரில் போய்விட்டன என்பதை நம் அரசு கணக்கில் எடுத்தது.

அமெரிக்கத் துறை அதை ஏற்பதில்லை. ஒருவர் சேவை செய்தாரா என்பதை அமெரிக்க ராணுவம் மட்டுமே சான்றளிக்க வேண்டும் என்பது அங்கே விதி. சக வீரர்கள் நூறு பேர் எழுதினாலும், பிலிப்பைன்ஸ் அரசே சான்று கொடுத்தாலும் செல்லாது. ஆயாவுக்கு மணிலா அரசின் ஓய்வூதியம் வருகிறது என்பதால் அமெரிக்க அங்கீகாரமும் இருக்கிறது என்று பொருளில்லை. இரண்டும் வேறு வேறு பட்டியல். 2009 மனுக்களில் தள்ளுபடியான பாதிக்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் விழுந்தன. மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பெயர் இல்லை, அவ்வளவுதான் பதில். காட்டில் இருந்த கெரில்லாவிடம் முறையான வருகைப் பதிவேட்டை எதிர்பார்த்தது நியாயமே இல்லை என்பது என் கருத்து. 2012இல் வெள்ளை மாளிகை ஒரு குழு போட்டு ஆராய்ந்தும், ராணுவச் சான்றுதான் முடிவு என்பது மாறவில்லை.

ஆகவே யாருக்காக உதவப் போனாலும் முதல் வேலை, ராணுவப் பதிவில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. எஸ்.எஃப். 180 என்ற படிவத்தில் செயின்ட் லூயிஸுக்கு எழுதிக் கேட்கலாம். வீரரின் முழுப்பெயர், பிறந்த தேதி, படைப்பிரிவு, படை எண், தளபதியின் பெயர், எந்தத் தீவு என்று எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவு தேடுவார்கள். கெரில்லாப் பிரிவுகளின் அங்கீகாரக் கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பதிவுத் தொகுதி 407இல் இருக்கின்றன. அதில் படைப்பிரிவின் பெயர் இருந்தாலும் தனிநபர் பெயர்ப்பட்டியல் தனியாகத்தான் தேட வேண்டும்.

ஆச்சி வீட்டுக் காகிதத்தில் ராணுவமே கைதி என்றும் அங்கீகரித்த கெரில்லா என்றும் எழுதியிருக்கிறது. இந்த வழக்கில் கதவைத் திறக்கும் சாவி அது.

கொத்தமங்கலம்_முன்னாள்

கோட்டையூர்க்காரர் கேட்டதால் நம்மூர் விஷயம் ஒன்று. நம் கிராமங்களில் இந்திய தேசிய ராணுவம் இல்லாமல், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் 1940களில் இருந்துவிட்டுப் போர் முடிந்ததும் அனுப்பப்பட்டவர்களின் மனைவிமார் இன்னும் ஒருவர் இருவர் இருக்கிறார்கள். 15 ஆண்டு சேவை இல்லாததால் ஓய்வூதியம் கிடையாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியே இருந்துவிடுகிறார்கள். ஓய்வூதியம் இல்லாதவர்களுக்காகவே மத்திய முன்னாள் படைவீரர் வாரியத்தின் வறுமை நிவாரண நிதி இருக்கிறது. ஹவில்தார் தரம் வரை, 65 வயதுக்கு மேல், விதவைகளுக்கும் உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் முதல் வரும் மனுக்களுக்கு 8,000. சிவகங்கை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத்தான் மனு போகும். படைவிலகல் புத்தகம் முக்கியம். பரணில் தகரப்பெட்டியில் கரையான் அரிக்குமுன் எடுத்து நகல் போட்டு வையுங்கள். மாநில அரசும் இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் தனியாக உதவித்தொகை தருகிறது, அதே அலுவலகத்தில் கேளுங்கள்.

மானகிரி_ஆச்சி

படிக்கப் படிக்க மனசு நிறைகிறது. மகன் இன்று இரவே 0966ஐ அனுப்புகிறான். 2004க்கு முன் ஆயா எந்த மனுவும் போட்டதில்லையாம். தங்கப் பதக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஆயாவுக்குப் பணத்தைவிட அதில்தான் ஆசை. இன்னொன்று, டாலர் வர ஆரம்பித்தால் மணிலா ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

புதுவயல்_கணக்கர்

நிறுத்த மாட்டார்கள் ஆச்சி. முன்பு அப்படி ஒரு விதி இருந்தது. 2008இல் குடியரசுச் சட்டம் 9499 வந்து அதை எடுத்துவிட்டது. அமெரிக்கத் தொகை வாங்கினாலும் பிலிப்பைன்ஸ் ஓய்வூதியம் தொடரும். 2018 டிசம்பரில் வந்த சட்டம் 11164 மூத்த வீரர்களின் ஓய்வூதியத்தை 5,000 பேசோவிலிருந்து 20,000 ஆக்கியது, ஆனால் அது உயிரோடிருக்கும் வீரர்களுக்கு மட்டும். ஆயாவுக்கு ஏன் 20,000 வரவில்லை என்று வீட்டில் யாராவது குழம்பினால் காரணம் இதுதான்.

பதக்கம் பற்றி: அமெரிக்கக் காங்கிரஸின் தங்கப் பதக்கச் சட்டத்தில் 2016 டிசம்பர் 14 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். 2017 அக்டோபர் 25 அன்று வாஷிங்டனில் காங்கிரஸ் கட்டடத்தில் வழங்கினார்கள். தங்கத்தில் அடித்தது ஒன்றே ஒன்று, அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு. வீரர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் வெண்கலப் பிரதி. 1941 ஜூலை 26க்கும் 1946 டிசம்பர் 31க்கும் இடையில் கௌரவமாகச் சேவை செய்த காமன்வெல்த் படையினர், ஸ்கவுட்ஸ், கான்ஸ்டபுலரி, அங்கீகரித்த கெரில்லாக்கள் எல்லாரும் இதில் வருகிறார்கள். ஆயாவின் கணவர் இரண்டு வகையிலும் வருகிறார்.

பிரதிகளை வழங்குவது பிலிப்பினோ வீரர்களின் அங்கீகாரத்துக்காக அமெரிக்காவில் இயங்கும் ஃபில்வெட்ரெப் என்ற அமைப்பு. அவர்களிடம் குடும்பத்தார் பதிவு செய்ய வேண்டும். ராணுவத் தாளின் நகல், உறவுமுறைச் சான்று இரண்டும் கேட்பார்கள். அமெரிக்க நாணயச்சாலை இதே பதக்கத்தின் வெண்கல நகலைப் பொதுமக்களுக்கும் விலைக்கு விற்கிறது. தரகர்கள் அதை வாங்கிவந்து "அரசு கொடுத்தது" என்று பல மடங்கு விலைக்குக் கொடுக்க வாய்ப்பு உண்டு. ஆயாவுக்கு வர வேண்டியது கணவரின் சேவையைச் சரிபார்த்து, அவர் பெயரைப் பதிவு செய்து தரும் பிரதி. அதையே கேளுங்கள்.

கண்டனூர்_சட்டம்

0966ஐ அனுப்பியதற்கு ஒப்புதல் வந்ததும் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள் ஆச்சி. முழு மனுவில் "கணவர் போர்க்கைதியாக இருந்தாரா" என்ற இடத்தில் ஆம் போட்டு, 9 ஏப்ரல் 1942 முதல் 21 செப்டம்பர் 1942 என்று ராணுவத் தாளில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். நினைவிலிருந்து வேறு தேதி எழுதினால் முரண் என்று தனியாக ஒரு விசாரணை ஓடும். மூடுகடிதத்தில் இரண்டே வாக்கியம் போதும்: கணவர் போர்க்கைதி, இறப்புக்குக் காரணம் பக்கவாதமும் உயர் ரத்த அழுத்தமும், போர்க்கைதிகளுக்கான ஊகவிதியின்படி பரிசீலிக்கக் கோருகிறோம். இதைச் சொல்லாவிட்டால், மேசையில் இருப்பவர் சாதாரண மனுவாகப் பார்த்து, 1942இல் ரத்த அழுத்தம் இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார்.

தள்ளுபடியானாலும் ஓர் ஆண்டுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், புது ஆதாரத்தோடு துணைமனுவும் போடலாம். கடிதம் வந்தால் அதில் சொன்ன காரணத்தை இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.